ஐஸைக் குறைத்தும் ஜின் நீர்த்துப்போவது ஏன்?

கேள்வி: கோவாவுக்குப் போய்வந்த என் மைத்துனர் க்ராஃப்ட் ஜின் ஒரு பாட்டில் பரிசளித்தார். அதை வீணாக்கக் கூடாதென்று நல்ல டானிக், அன்றன்று வாங்கிய எலுமிச்சை என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறேன். ஐஸ் உருகி நீர்த்துவிடுமே என்று இரண்டே இரண்டு கட்டிதான் போடுகிறேன். ஆனாலும் கால் மணி நேரத்தில் ஜின் அண்ட் டானிக் சப்பென்று ஆகிவிடுகிறது. இதே ஜாக்கிரதையோடு ஷேக்கரில் இரண்டு கட்டி போட்டு ஜிம்லெட் கலந்தால், அது நேர்மாறாகத் தொண்டையை எரிக்கிறது. பாரில் தம்ளரின் வாய்வரை ஐஸை நிரப்புகிறார்கள். ஜின்னைக் குறைக்கத்தான் இந்த வேலை என்று நினைத்திருந்தேன். ஆனால் அங்கே இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. நான் எங்கே தவறுகிறேன்?
— ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: உங்கள் ஜாக்கிரதை ஒரு தம்ளரைச் சப்பென்று ஆக்குகிறது, இன்னொன்றை எரிய வைக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டீர்களே, அது நல்லதாகப் போயிற்று. முதல் பாதியை மட்டும் கேட்டிருந்தால் நானும் எல்லோரையும்போல “ஐஸை நிறையப் போடுங்கள் ஐயா” என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். அது பாதிதான் சரி.

முதலில் பாட்டிலை விடுவித்துவிடலாம். ஜின் என்பது வாசனையற்ற சாராயத்தில் ஜூனிபர் காயையும், கொத்தமல்லி விதை போன்ற வேறு சில மணப்பொருள்களையும் சேர்த்து மணம் ஏற்றிய சரக்கு. 2017-ல் ‘கிரேட்டர் தன்’ என்ற ஜின் வந்ததிலிருந்து கோவாவில் இந்தத் தொழில் நன்றாகவே வேர்பிடித்துவிட்டது. அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் இன்னொரு ஜின்னான ‘ஹபுசா’ இமயமலை ஜூனிபரைப் பயன்படுத்துகிறது. உங்கள் மைத்துனர் எதைக் கொண்டுவந்திருந்தாலும் லேபிளில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று இருக்கும். இந்த விசித்திரமான எண் பழைய பிரிட்டிஷ் ‘ப்ரூஃப்’ அளவையின் மிச்சம். அந்த அளவையில் 100 டிகிரி என்றால் 57.1 சதவீத ஆல்கஹால். அதில் முக்கால் பங்குதான் 42.8. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கணக்குக்கு வேண்டும்.

பார்க்காரரையும் விடுவிக்க வேண்டும். அவர் ஜின்னை அளப்பது தம்ளருக்கு வெளியே, பெக் அளவுக் கிண்ணத்தில். ஸ்மால் 30 மில்லி, லார்ஜ் 60 மில்லி. தம்ளரில் ஐஸ் எவ்வளவு இருந்தாலும் அந்த 60 குறையாது. இடம் போதாமல் குறைவது டானிக்தான். அதனால் உங்கள் தம்ளர் கொஞ்சம் காரமாகுமே தவிர லேசாகாது.

இனி நம் ஊரில் பரவலாக இருக்கும் நம்பிக்கைக்கு வருவோம்: ஐஸ் கூடினால் தண்ணீர் கூடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐஸ் தானாக உருகுவதில்லை. யாராவது அதற்கு வெப்பம் கொடுத்தால்தான் உருகும். அந்த ‘யாராவது’ உங்கள் ஜின்னும் டானிக்கும் தம்ளரும்தான். ஒரு கிராம் ஐஸ் உருக ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் வேண்டும். பனிக்கட்டி, தன் வெப்பநிலை ஏறாமலேயே, உருகுவதற்காக மட்டும் விழுங்கும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஒரு கலோரி வெளியே வரும். 42.8 சதவீத ஜின்னும் இதில் தண்ணீரைப் போலத்தான் நடந்துகொள்ளும் என்று வைத்துக்கொண்டால் நம் கணக்கு அதிகம் பிசகாது.

உங்கள் மேசையில் 60 மில்லி ஜின், 180 மில்லி டானிக், எல்லாம் புதுச்சேரி வீட்டின் 30 டிகிரியில் இருக்கின்றன என்று கொள்வோம். மொத்தம் 240 கிராம். பூஜ்யத்துக்கு இறங்க 7200 கலோரியைக் கழற்ற வேண்டும். அதற்கு 90 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். வீட்டு ட்ரேயில் உறையும் கட்டி ஒன்று சுமார் 20 கிராம் இருக்கும். நீங்கள் போட்டது இரண்டு, 40 கிராம். அது முழுவதும் உருகித் தீர்ந்தபிறகும் பானம் 14 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்காது. கண்ணாடித் தம்ளரின் சூட்டையும் சேர்த்தால் அதுகூடக் கிடைக்காது. 300 கிராம் எடையுள்ள தம்ளர் 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் குளிர்வதற்கு அது மட்டுமே 22 கிராம் ஐஸைத் தின்றுவிடும். அதாவது, உங்கள் இரண்டு கட்டிகளில் ஒரு பங்கு ஜின்னைக் குளிர்விக்கவே இல்லை, தம்ளருக்கே போயிற்று.

இங்கேதான் நான் சொன்ன ‘பாதி சரி’ வருகிறது. காக்டெயில் பிரியர்கள் நடுவே இதற்கு நேர் எதிரான ஒரு சொலவடை உண்டு: ஐஸ் கூடினால் தண்ணீர் குறையும். அதையும் அப்படியே நம்பாதீர்கள். இதே 30 டிகிரிச் சாமான்களை வைத்துக்கொண்டு தம்ளரை ஐஸால் நிரப்பினால் என்ன ஆகும்? பானத்துக்கு 90, தம்ளருக்கு 22, ஆக 112 கிராம் ஐஸ் உருகும். உங்கள் தம்ளரில் சேர்ந்ததைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். 60 மில்லி ஜின்னில் இருக்கும் ஆல்கஹால் சுமார் 25.7 மில்லி. டானிக் மட்டும் சேர்த்தால் அதன் செறிவு 10.7 சதவீதம். உங்கள் 40 கிராம் தண்ணீருக்குப் பிறகு 9.2. ஐஸால் நிரப்பிய தம்ளரில் 7.3. ஆக, நீங்கள் பயந்தது ஆதாரமில்லாத பயம் அல்ல. சூடான சாமான்கள் மேல் நிறைய ஐஸ் கொட்டினால் நிறையத் தண்ணீர்தான் கிடைக்கும்.

அப்படியானால் பாரில் மட்டும் எப்படி? டானிக்கை அங்கே ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கிறார்கள், தம்ளரும் குளிர்ந்திருக்கிறது. ஐஸ் குவியலைப் பார்த்த நீங்கள் இந்த இரண்டையும் கவனிக்காமல் விட்டீர்கள். கண்ணுக்குத் தெரிகிற பொருளுமல்ல அவை. டானிக்கை மட்டும் 5 டிகிரிக்குக் குளிர வைத்தால் 90 கிராம் என்ற எண் 34-க்கு விழுகிறது. ஜின்னையும் ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில் வைத்தீர்களானால் வேடிக்கையைப் பாருங்கள்: டானிக் கொண்டுவரும் வெப்பம் 900 கலோரி, ஜின் விழுங்கக்கூடியது 1080. கணக்கு தீர்ந்துவிட்டது. பானத்தைக் குளிர்விக்க ஏறக்குறைய ஒரு துளி ஐஸ்கூட உருக வேண்டியதில்லை. தம்ளரையும் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்தால் அதன் 22 கிராமும் மிச்சம்.

எனவே உங்கள் தம்ளரில் எவ்வளவு தண்ணீர் சேரும் என்பதைத் தீர்மானிப்பது, நீங்கள் போடும் ஐஸின் அளவைவிட, நீங்கள் கொண்டுவந்து ஊற்றும் வெப்பத்தின் அளவு. சாமான்களை முன்கூட்டியே குளிர வைத்துவிட்டால் வாய்வரை ஐஸ் போடலாம். அது உருகாமல் காவல் மட்டும் காக்கும்.

ஆனால் ஒரு சந்தேகம் உங்களுக்கு வர வேண்டும். செறிவு 9.2 சதவீதம் இருந்த உங்கள் தம்ளர், சூட்டோடு ஐஸ் நிரப்பிய தம்ளரைவிடக் காரமானதுதானே, அது ஏன் சப்பென்று இருந்தது? நீங்கள் தண்ணீரின்மேல் சுமத்திய பழி உண்மையில் கரியமில வாயுவைச் சேர வேண்டியது. சாதாரண காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர், பூஜ்ய டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 10 டிகிரியில் அது 1.2-க்கு இறங்கும், 30 டிகிரியில் 0.7-க்கும் கீழே போய்விடும். 14 டிகிரியில் தொடங்கி, உள்ளே ஐஸும் இல்லாமல் மேலே ஏறிக்கொண்டிருக்கும் தம்ளரில் டானிக்கின் சுறுசுறுப்பு எவ்வளவு நேரம் தங்கும்? வாயு போனால் நாக்கில் படும் அந்தக் குத்தலும் போகிறது. வெதுவெதுப்பில் இனிப்பும் தூக்கலாகத் தெரியும். குத்தல் போய் இனிப்பு மட்டும் நிற்கும் பானத்தைத்தான் நாம் ‘நீர்த்துவிட்டது’ என்கிறோம்.

கடற்கரை ஊரில் இன்னொரு எதிரியும் உண்டு: தம்ளரின் வெளியே வியர்க்கும் நீர். அது உள்ளே இருந்து கசிவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிவது. ஆவி நீராகும்போது வெப்பத்தை வெளியே விடும். வெளியே ஒரு கிராம் நீர் படிந்தால், உள்ளே ஏறக்குறைய 7 கிராம் ஐஸை உருக்கப் போதுமான வெப்பம் வந்துவிடுகிறது. சுரைக்காய் வடிவத் தம்ளரைத் தண்டில் பிடித்துக் குடிப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். கை வெப்பத்தையாவது அவர்கள் தடுக்கிறார்கள். வியர்வையை யாராலும் தடுக்க முடியாது. புதுச்சேரி மாடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் உறிஞ்சுவதற்கு ஏற்ற பானம் அல்ல இது. இருபது நிமிடத்தில் முடித்துவிடுங்கள், அடுத்ததற்கு அவசரப்படாதீர்கள்.

டானிக்கைப் பற்றி ஒரு கொசுறு, நம் பக்கத்துக் கதை என்பதால். அதன் கசப்புக்குக் காரணம் சின்கோனா மரப்பட்டையில் உள்ள குயினைன். 1860-களில் பிரிட்டிஷார் அந்த மரத்தை நீலகிரியில் நட்டார்கள். நடுவட்டத்தில் குயினைன் ஆலையும் நடந்தது. ஜின் அண்ட் டானிக் மலேரியாவுக்கு மருந்து என்று இன்றும் சிலர் கண்ணடித்தபடி சொல்வார்கள். அமெரிக்காவில் ஒரு லிட்டர் டானிக்கில் சுமார் 83 மில்லிகிராமுக்கு மேல் குயினைன் சேர்க்க அனுமதி இல்லை. மலேரியாவுக்குப் பெரியவர்களுக்குத் தரப்படும் அளவோ நாளொன்றுக்கு ஏறக்குறைய 1800 மில்லிகிராம். அதை டானிக்கில் தேடினால் தினம் இருபது லிட்டருக்குமேல் குடிக்க வேண்டும். மருந்தென்று சொல்லிக் குடிக்கிறவர் வேறு சாக்கு தேடுவது நல்லது.

இப்போது உங்கள் இரண்டாவது தம்ளர். ஜிம்லெட் என்பது ஜின், எலுமிச்சை, சர்க்கரை மூன்றும் சேர்ந்தது. 1930-ல் வந்த சவாய் ஓட்டலின் காக்டெயில் புத்தகத்தில் அது ஜின்னும் பாட்டிலில் வரும் இனிப்பு எலுமிச்சைச் சாறும் பாதிக்குப் பாதி. புதிதாகப் பிழிந்த சாற்றில் செய்வது பின்னால் வந்த பழக்கம், எனக்கு அதுவே பிடிக்கும். 60 மில்லி ஜின், 22 மில்லி சாறு, 22 மில்லி சர்க்கரைப் பாகு (எடைக்கு எடை சர்க்கரையும் தண்ணீரும்) என்று எடுத்தால் மொத்தம் 104 மில்லி. செறிவு கிட்டத்தட்ட 25 சதவீதம். இதை அப்படியே யார் குடித்தாலும் எரியத்தான் செய்யும். டானிக் கலந்த தம்ளரில் லேசாக்கும் வேலையை டானிக் செய்தது. ஜிம்லெட்டில் அந்த வேலையைச் செய்ய ஐஸிலிருந்து வரும் தண்ணீரைத் தவிர வேறு ஆள் இல்லை. செய்முறையில் எழுதப்படாத நான்காவது சரக்கு அது. நீங்கள் அதைத்தான் ஜாக்கிரதையாகத் தவிர்த்தீர்கள்.

ஷேக்கரை முக்கால்வாசி ஐஸால் நிரப்பி, 12 முதல் 15 நொடி பலமாகக் குலுக்குங்கள். உலோகத்தின் வெளிப்புறம் முதலில் மங்கி, பிறகு வெள்ளையாகப் பூத்து, விரலில் ஒட்டுகிற அளவுக்குச் சில்லிடும். உள்ளே திரவம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 5 டிகிரி வாக்கில் இருக்கும். பூஜ்யத்தில் உருகும் ஐஸ் அதைவிடக் குளிர்ந்த பானத்தை எப்படித் தரும் என்று கேட்பீர்கள். குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைக் கொட்டுகிறாரே, அதே வித்தைதான். உப்பு செய்வதை இங்கே ஆல்கஹால் செய்கிறது: ஐஸின் உருகுநிலையைக் கீழே இழுக்கிறது. வெளியிலிருந்து வெப்பம் வராதபோதும் ஐஸ் உருகுகிறது, உருகத் தேவையான வெப்பத்தைப் பானத்திடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. குளிர்ச்சியும் தண்ணீரும் ஒன்றை விட்டு ஒன்று வராது என்று அமெரிக்க பார் நிபுணர் டேவ் அர்னால்ட் 2014-ல் வெளியான தன் புத்தகத்தில் அழுத்திச் சொல்வது இதைத்தான்.

இப்படிக் குலுக்கினால் 45 முதல் 50 மில்லி வரை தண்ணீர் சேரும். 104 மில்லி 150 ஆகும், 25 சதவீதம் 17-க்கு வரும். 15 நொடிக்குமேல் குலுக்கினால் கெட்டுவிடுமோ என்ற பயமும் வேண்டாம். குளிர் ஒரு கட்டத்தில் நின்றுவிடும், அத்தோடு உருகலும் பெரும்பாலும் மட்டுப்பட்டுவிடும். ஊற்றும்போது மட்டும் வடிகட்டி வெறும் தம்ளரில் ஊற்றுங்கள்.

மேலே படித்தவர் உடனே செய்யத் துடிக்கும் ஒரு காரியத்தை இங்கே தடுக்க வேண்டும். டானிக்குக்காக ஜின்னை ஃப்ரீசரில் வைத்தீர்கள் அல்லவா? அதே ஜின்னை எடுத்து ஜிம்லெட் குலுக்காதீர்கள். 60 மில்லி ஜின் 1080 கலோரியைத் தானே விழுங்கிவிடும். சாறும் பாகும் கொண்டுவருவது 1320தான். ஐஸுக்கு வேலை அதிகம் மிஞ்சாது, நான்காவது சரக்கு போதுமான அளவு வராது, மறுபடி தொண்டை எரியும். ஒன்று, அறை வெப்பத்தில் உள்ள ஜின்னை எடுங்கள். அல்லது ஃப்ரீசர் ஜின்தான் கையில் இருக்கிறதென்றால் 40 மில்லி குளிர்ந்த தண்ணீரை நீங்களே அளந்து ஊற்றிவிட்டுக் குலுக்குங்கள். ஜின்னில் கையால் தண்ணீர் ஊற்றுவதற்கு மனம் ஒப்பாதுதான். ஐஸ் ஊற்றினால் மட்டும் ஏன் ஒப்புகிறது?

எலுமிச்சை விஷயத்தில் வெளிநாட்டுச் செய்முறைகளை எண்ணிக்கையில் நம்பாதீர்கள். அவர்கள் ‘ஒரு லைம்’ என்பது பெரிய, விதையில்லாத பாரசீக வகை. 30 மில்லி வரை சாறு விடும். நம் நாட்டு எலுமிச்சை சிறியது, தோல் மெல்லியது, பழத்துக்குப் பழம் சாறு மாறும். மில்லியில் அளப்பதே வழி. சாற்றைக் காலையில் பிழிந்து மாலைவரை வைத்தால் மணம் இறங்கிவிடும், அப்போதைக்கப்போது பிழியுங்கள். டானிக் தம்ளரில் பிழிந்த மூடியை உள்ளே போட்டு ஊறவிடவும் வேண்டாம். வெள்ளைப் பகுதி கசப்பை இறக்கும். அதற்குப் பதிலாகத் தோலில் மெல்லியதாக ஒரு சீவல் எடுத்து, பச்சைப் பக்கம் பானத்தைப் பார்க்கும்படி தம்ளருக்குமேல் பிடித்து மடக்குங்கள். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் பனிபோல எண்ணெய்த் தூறல் தெறிப்பதும், அது பானத்தின்மேல் சின்னச் சின்ன வட்டங்களாகப் படிவதும் தெரியும். குளிர்ந்த பானத்தில் மணம் அடங்கிக் கிடக்கும். மூக்குக்கு முதலில் எட்டுவது இந்த எண்ணெய்தான்.

ஐஸைப் பற்றி மிச்சமிருப்பது கொஞ்சம்தான். வெளியே கிண்ணத்தில் காத்திருக்கும் ஐஸ்மேல் ஈரம் கோத்திருக்கும். அந்த ஈரம் எதையும் குளிர்விக்காமல் நேரே தம்ளருக்குள் வரும் தண்ணீர், வடித்துவிட்டுப் போடுங்கள். கண்ணாடிபோல் தெளிந்த ஐஸ் மெதுவாக உருகும் என்று காசு பிடுங்குகிறார்கள். அது அழகு, அவ்வளவே. பெரிய கட்டி மெதுவாக உருகுவது பரப்பளவு குறைவு என்பதால், தெளிவு என்பதால் அல்ல. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் மணம். ஐஸ் பக்கத்திலிருப்பதன் வாசனையை வாங்கிக்கொள்ளும். உங்கள் ட்ரே வஞ்சிர மீன் பொட்டலத்துக்கும் அரைத்த இஞ்சி பூண்டு டப்பாவுக்கும் நடுவே வாரக்கணக்கில் இருந்தால், இமயமலை ஜூனிபரால் அதோடு போட்டிபோட முடியாது. ஐஸ் உறைந்ததும் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றி, இரண்டொரு நாளில் தீர்த்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் அடுத்த கடிதத்தில் வரப்போகும் கேள்வி: ஃப்ரீசரில் வைத்தால் பாட்டில் வெடிக்காதா? ஜின் பாட்டில் வெடிக்காது. 40 சதவீத ஆல்கஹால் உள்ள சரக்கு உறைய மைனஸ் 25-க்கும் கீழே போக வேண்டும், வீட்டு ஃப்ரீசர் அங்கே எட்டாது. டானிக் வெடிக்கும். அதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டிலேயே வையுங்கள். பெரிய பாட்டிலைத் திறந்து மூடி வைத்துப் பழகாமல், ஒரு வேளைக்கு ஒன்றாகச் சின்ன டின் வாங்குங்கள்.